"கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்": சரி, என்ன நீட்ஃபுல்?

ஒரு மெயிலோட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் லீவுல இன்-பிளான்ட் ட்ரெயினிங் போகலாம்னு எங்க வகுப்புல ஐந்து பேர் முடிவு பண்ணினோம். மெக்கானிக்கல் படிச்சுக்கிட்டு, அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகளை வெச்சுக்கிட்டு, ட்ரெயினிங்குக்காகச் சென்னைக்கு ஏன் போகணும்? கில்ன், க்ரஷர், கன்வேயர் எல்லாம் டவுன் பஸ் தூரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆலையின் ஹெச்.ஆர். முகவரியைத் தேடிப் பிடித்து மெயில் அனுப்பினோம். ஒரே லேப்டாப் முன்னாடி ஐந்து பேரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வரி சொல்லி எழுதிய மெயில் அது. சப்ஜெக்ட் இடத்தில் "ரெக்வெஸ்ட்" என்று ஒரே ஒரு வார்த்தை. உள்ளே நாங்கள் யார், எந்தக் கல்லூரி, உங்கள் "எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்" மேல் எங்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று மூன்று வரி. கடைசியில், யாரும் யோசிக்காமலே எல்லோர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்த வரி: "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

ஒன்பது நாள் பதில் இல்லை. "நம்ம காலேஜ் பேரைப் பாத்ததும் மூடி வெச்சிருப்பாங்க மச்சி" என்று ஒருத்தன் முடிவே கட்டிவிட்டான். பத்தாவது நாள் துணிந்து போன் பண்ணினோம். எடுத்தவர் மெயிலைத் தேடிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கோபம் இல்லாமல் கேட்டார்: "மெயில் வந்திருக்கு தம்பி. ஆனா என்ன வேணும்னு எழுதலையேப்பா? ஒரு நாள் வந்து சுத்திப் பாக்கணுமா, ட்ரெயினிங்கா, ப்ராஜெக்ட்டா? எத்தனை பேரு, எந்தத் தேதி?"

மெயிலைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னது நிஜம். "ட்ரெயினிங்" என்ற வார்த்தையே அதில் இல்லை. எங்கள் ஐந்து பேர் மண்டைக்குள்ளும் அது அவ்வளவு தெளிவாக இருந்ததால், பேப்பரில் வரவில்லை என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. நீட்ஃபுல்லைச் செய்யச் சொல்லியிருந்தோம். நீட் என்னவென்று சொல்லவில்லை. அதற்குள் அந்த லீவுக்கான இடங்கள் வேறு கல்லூரிப் பசங்களுக்குப் போய்விட்டன.

அன்றிலிருந்து இந்த வரி எங்கே வந்தாலும் கண்ணில் படுகிறது. லீவ் லெட்டர், ஓ.டி. லெட்டர், ஹாஸ்டல் வார்டனுக்கு எழுதும் கம்ப்ளெயின்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம்... எல்லாவற்றின் வாலிலும் இது தொங்குகிறது. நீங்களும் எழுதியிருப்பீங்க. ப்ளஸ் டூவில் கற்றுக்கொண்ட லெட்டர் ஃபார்மட்டோடு நம்ம கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட வரி இது.

இது தப்பான இங்கிலீஷா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "டூ தி நீட்ஃபுல்னு எழுதினா ஃபாரினர் சிரிப்பான், அது இந்தியன் இங்கிலீஷ்" என்று கிளாஸ் எடுக்கிற ஆட்கள் நிறைய இருக்காங்க. அவர்கள் சொல்வதுதான் பாதி தப்பு. இந்த வரியை நாம் உண்டாக்கவில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ்காரர்களே கடிதங்களில் சாதாரணமாக எழுதிய வரி இது. கம்பெனி ஆட்சியும் பிறகு வந்த சர்க்கார் ஆபீஸும் அதை இங்கே கொண்டுவந்தன. நம்ம ஊர் குமாஸ்தாக்கள் அதைப் பார்த்து எழுதினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அந்த வழக்கம் மெல்லத் தேய்ந்துவிட்டது. இங்கே தேயவில்லை. இந்தியாவில் மட்டும் இல்லை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா என்று பிரிட்டிஷ் ஆபீஸ் இருந்த இடங்களில் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சாத்தனூர் கல்மரம் பார்த்திருக்கீங்களா? பெரம்பலூர்க்காரர்கள் ஸ்கூல் டூரில் ஒரு தடவையாவது போயிருப்பீங்க. 18 மீட்டருக்கு மேல் நீளம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால், இந்தப் பகுதியில் கடல் இருந்த காலத்தில், அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்கு அறிவித்தார். பார்த்தால் மரம்தான், தொட்டால் கல். (நாங்கள் மெயில் போட்ட ஆலை அரைக்கிற சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சொத்துதான்.) மொழியியலிலும் இதே பெயரில் ஒரு சங்கதி உண்டு: ஃபாசில் வேர்ட். மற்ற இடங்களில் எல்லாம் வழக்கொழிந்து, ஒரே ஒரு தொடருக்குள் மட்டும் மாட்டிக்கொண்டு பிழைத்திருக்கும் சொல். "கித் அண்ட் கின்" என்று சொல்கிறோமே, அந்த "கித்" தனியாக எங்காவது வருகிறதா? அந்த மாதிரிதான் இந்த நீட்ஃபுல்லும்.

இலக்கணத்திலும் குற்றம் இல்லை. "நீட்ஃபுல்" என்றால் தேவையான. முன்னாடி "தி" போட்டால் தேவையானது. நல்ல என்பது நல்லது ஆகிற மாதிரி. "டூ தி இம்பாசிபிள்" என்று சினிமா போஸ்டரில் போடுகிறார்களே, அதே அமைப்பு. அதனால் அந்த "தி" கட்டாயம் வேண்டும். "டூ நீட்ஃபுல்" என்று எழுதினால்தான் தப்பு. "நீட்ஃபுல் ஹெல்ப்", "நீட்ஃபுல் திங்ஸ்" என்று பின்னாடி வால் சேர்ப்பதும் வேண்டாம். ஸ்பெல்லிங்கில் கடைசியில் ஒரே ஒரு "எல்"தான். இரண்டு "எல்" போட்டு நான் பார்த்த லெட்டர்கள் ஏராளம், அதில் என்னுடையதும் உண்டு. ஒரு வேடிக்கையையும் சொல்லணும்: அந்தக் கால இங்கிலீஷ் பேச்சு வழக்கில் "தி நீட்ஃபுல்" என்றால் காசு என்றும் அர்த்தம். மாசக் கடைசியில் ஹாஸ்டலில் நமக்குத் தேவைப்படுகிற நீட்ஃபுல் அதுதான்.

ஆவன, ஆவண

இதே வரி தமிழிலும் இருக்கு. கவனிச்சிருக்கீங்களா? "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மனுக்களில் எல்லாம் இதுதான் கடைசி வரி. ஆவது ஒருமை, ஆவன பன்மை. ஆக வேண்டியவற்றைச் செய்யுங்கள் என்று பொருள். அங்கே இரண்டு "எல்" போடுகிற அதே கை, இங்கே மூன்று சுழி போட்டு "ஆவண செய்யுமாறு" என்று எழுதுகிறது. ஆவணம் என்றால் டாக்குமென்ட். ஆவண செய்யச் சொன்னால் அந்த அதிகாரி என்ன செய்வார் பாவம், பத்திரம்தான் எழுதித் தரணும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்க. அன்னைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். வெளியே மனு எழுதித் தருகிறவர்கள் இருப்பார்கள். ஒரு பாட்டி வந்து "ஐயா, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றால் அவர் உடனே பேனாவை எடுக்க மாட்டார். "என்னம்மா வேணும்? பட்டாவா, பென்ஷனா?" பட்டா என்றால் அடுத்த கேள்வி: "எந்த ஊரு, எந்த வட்டம், சர்வே நம்பர் என்ன? முன்னாடி மனு குடுத்திருக்கியா? ரசீது இருக்கா?" இவ்வளவும் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் கடைசியில் "ஆவன செய்யுமாறு" வரும். அப்போது ஆவன எவை என்பது படிக்கிறவருக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். நம்ம காலேஜில் எந்த கம்யூனிகேஷன் லேபிலும் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அரசுக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்க. மேலே "பொருள்" என்று இருக்கும், எதைப் பற்றி என்று. "பார்வை" என்று இருக்கும், இதற்கு முன்னால் வந்த கடிதங்களின் எண்ணும் தேதியும். கீழே "இணைப்பு". இந்த மூன்றும் சேர்ந்து, செய்ய வேண்டியது என்ன என்பதை ஏற்கெனவே சொல்லிவிடுகின்றன. அதனால் ஆபீசுக்குள் ஓடுகிற கடிதத்தில் "டூ தி நீட்ஃபுல்" வேலை செய்கிறது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அந்த ஃபைல் தெரியும். பெரம்பலூருக்கு ரயில் விடச் சொல்லி எத்தனையோ காலமாக மனு போகிறது. அதில் ஆவன செய்க என்றால் ஆவன என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (ஆவன செய்யப்படவில்லை என்பது வேறு விஷயம்.)

நாம் என்ன பண்ணுகிறோம் என்றால், அந்தக் கடிதத்தின் உடம்பை விட்டுவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஏன் இப்படி எழுதுகிறோம்?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நேரடியாகக் கேட்பது மரியாதைக்குறைவு என்று நாம் நினைக்கிறோம். "எனக்கு ஐந்து நாள் ட்ரெயினிங் வேண்டும்" என்று ஒரு பெரிய ஆபீசருக்கு எழுதினால், ஏதோ அதிகாரம் பண்ணுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. அதனால் "பாத்து பண்ணுங்க சார்" என்று விட்டுவிடுகிறோம். டூ தி நீட்ஃபுல்லின் பேச்சுத் தமிழ் வடிவம் அதுதான்: "கொஞ்சம் பாத்து பண்ணுங்கண்ணே." நேரில் சொல்லும்போது அது அழகாக வேலை செய்யும். ஏனென்றால் எதிரில் இருக்கிறவர் திருப்பிக் கேட்க முடியும், நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும், கையில் இருக்கிற ஃபாரத்தை வாங்கிப் பார்க்க முடியும். மெயிலுக்கு முகம் கிடையாது. திருப்பிக் கேட்க அவர் ஒரு மெயில் டைப் பண்ணணும். அன்றைக்கு அவருக்கு வந்த நூறு மெயிலில், யோசிக்காமல் பதில் போடக்கூடிய மெயிலுக்குத்தான் அவர் முதலில் பதில் போடுவார். தெளிவாகக் கேட்பது அவருடைய நேரத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் கொஞ்சம் அதிகம். கேட்டுப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன பெரிசா நஷ்டம் என்று கேட்கலாம். அரியலூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு தோழியின் கதை இது. கல்விக் கடனுக்காக பாங்கில் பொனஃபைடு சர்டிஃபிகேட் கேட்டார்கள். அவள் ஆபீசுக்கு எழுதிய லெட்டர்: "ஐ நீட் பொனஃபைடு சர்டிஃபிகேட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்." ஆபீஸும் நீட்ஃபுல்லைச் செய்தது. இன்னார் இந்த ஆண்டு இந்தப் பிரிவில் படிக்கிறார் என்று சாதாரண பொனஃபைடு. பாங்குக்கு வேண்டியதோ, நான்கு வருஷத்துக்குமான கட்டண விவரத்தோடு, கல்விக் கடனுக்காக என்று காரணம் போட்ட பொனஃபைடு. பாங்க் திருப்பி அனுப்பியது. மறுபடி லெட்டர், மறுபடி கையெழுத்து, நடுவில் இரண்டு நாள் லீவு. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி தாண்டிவிட்டது. அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். இதில் யார் மேல் தப்பு சொல்வது? ஆபீஸ் அவள் எழுதியதைச் செய்தது. "கட்டண விவரத்துடன், கல்விக் கடனுக்காக" என்ற நான்கு வார்த்தை அந்த லெட்டரில் இருந்திருக்கணும்.

நாளைக்கு வேலைக்குப் போன பிறகும் இது தொடரும். "சர்வர் இஸ் நாட் வொர்க்கிங், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று ஒரு டிக்கெட் வந்தால், ரீஸ்டார்ட் பண்ணணுமா, லாக் எடுத்து அனுப்பணுமா, யார் உடைத்தார்கள் என்று கண்டுபிடிக்கணுமா? ஆர்க்யுமென்ட் எதுவும் கொடுக்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிற மாதிரி. இந்த வரியைக் கேள்வியே படாத வெளிநாட்டு க்ளையன்ட் என்றால் இன்னும் சிக்கல்; அவருக்கு இது என்ன பாஷை என்றே புரியாது.

சரி, எப்படி எழுதுவது? ஒரு சின்ன சோதனை இருக்கு. எழுதி முடித்ததும் அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிங்க. யார், என்ன, எத்தனை, எப்போதுக்குள் என்பது மறைக்காத பகுதியிலேயே தெரிகிறதா? தெரிந்தால் அந்த வரி இருந்தாலும் ஒன்றுமில்லை, இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. தெரியவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உங்களுக்கு வேண்டியதை எழுதுங்க. "ஐ ரெக்வெஸ்ட் யூ டு..." என்று ஆரம்பித்தாலே போதும், "டு"வுக்குப் பிறகு ஒரு வினைச்சொல் வந்தே ஆகணும், அது உங்களை விஷயத்துக்கு இழுத்து வந்துவிடும். பெர்மிட், இஷ்யூ, ரீப்ளேஸ், எக்ஸ்டெண்ட் என்று ஏதோ ஒன்று. ஹாஸ்டல் ஃபேன் ஓடவில்லையா? "ப்ளீஸ் ரிப்பேர் தி ஃபேன் இன் ரூம் 214" என்று எழுதினால் எலக்ட்ரீஷியன் நேராக ரூமுக்கு வருவார். கூடவே "அட் தி எர்லியஸ்ட்" என்பதற்குப் பதில் ஒரு தேதி போடுங்க. எர்லியஸ்ட் என்பது உங்களுக்கு நாளை, ஆபீசுக்கு அடுத்த மாசம். "ப்ளீஸ்", "கைண்ட்லி" இரண்டில் ஒன்று போதும். இரண்டும் சேர்த்துப் போட்டால் பணிவு இரட்டிப்பாகாது.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று "டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்." கிட்டில் ரிவர்ட் பண்ணினால் என்ன ஆகும் என்று சி.எஸ். பசங்களைக் கேளுங்க. பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பதில் சொல்லுங்க என்பதற்கு "ரிப்ளை" என்ற நல்ல எளிய சொல் இருக்கும்போது இது எதுக்கு?

உங்களுக்கு யாராவது "டூ தி நீட்ஃபுல்" என்று எழுதினால்? ஹெச்.ஓ.டி. எழுதினால் திருப்பி அனுப்பி "சார், இது தெளிவா இல்லை" என்று சொல்ல முடியாது. நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதுங்க: "சார், நான் பங்கேற்பாளர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்." தப்பாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார்.

எங்கள் மெயிலுக்கு வருகிறேன். டிசம்பர் லீவுக்கு மறுபடி அதே ஆலைக்கு எழுதினோம். சப்ஜெக்டில் "இன்-பிளான்ட் ட்ரெயினிங், 5 மெக்கானிக்கல் மாணவர்கள், டிசம்பர்". உள்ளே முதல் வரியிலேயே வேண்டியது: ஐந்து பேரை ஐந்து நாள் அனுமதிக்க வேண்டும், பார்க்க விரும்புவது க்ரஷரும் கில்னும், முதல் வாரம் முடியாவிட்டால் மூன்றாம் வாரமும் சரி, கல்லூரிக் கடிதம் இணைப்பில். மொத்தம் ஆறு வரி. எஸ்டீம்டு கிடையாது, நீட்ஃபுல் கிடையாது.

மறுநாள் மதியம் பதில் வந்தது. மூன்றாம் வாரம் வரலாம், சேஃப்டி ஷூ நீங்களே கொண்டு வரணும், இணைத்திருக்கும் ஃபாரத்தில் ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் சீலும் வாங்கி வியாழக்கிழமைக்குள் அனுப்பணும். அதற்குக் கீழே கடைசி வரி: "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

ஐந்து பேரும் சிரித்துவிட்டோம். ஃபாரத்தை பிரிண்ட் எடுக்க ஒருத்தன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான்.